வேலை இடத்தில் பாலியல் தொல்லை: முதலாளிகள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் சில பனியன் கம்பெனிகளில், இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்குள்ளேயே அமைக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக இருக்கிறேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது முதலாளிகளும் ஹெச்.ஆர். ஆட்களும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்விகள்தான் இவை. புகார் வந்த பிறகு என்ன செய்வது என்பதைவிட, அந்த அளவுக்குப் போகாமல் முதலாளி எப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஏனென்றால் எங்கள் முன்னால் வந்து உட்காரும் பெண் பெரும்பாலும் அந்த வேலையை விட்டுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் வருகிறார். விஷயம் சின்னதாக இருந்தபோது அவர் யாரிடமாவது சொல்லியிருப்பார், அல்லது சொல்ல ஆளில்லாமல் இருந்திருப்பார். இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

சட்டம் என்று நான் சொல்வது, பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஆபீஸ் பேச்சில் ‘போஷ்’.

வெளிநாட்டு பையர் (ஆடை வாங்கும் நிறுவனம்) ஆடிட்டுக்கு வரும்போது காட்டத்தானே இதெல்லாம்?

இல்லை. இந்தச் சட்டத்தின் வேர் ராஜஸ்தானில் பதேரி என்கிற கிராமத்தில் இருக்கிறது. பன்வாரி தேவி அங்கே அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர் ஊழியராக இருந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய வேலையில் ஒரு பகுதி, அதைத்தான் செய்தார், அதற்குப் பழிவாங்க 1992-இல் அவரைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அரசு கொடுத்த வேலையைச் செய்யப் போய்த்தான் அவருக்கு இது நடந்தது, ஆனால் அவரை வேலைக்கு வைத்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்ல அப்போது நாட்டில் ஒரு சட்டம்கூட இல்லை. பெண்கள் அமைப்புகள் ‘விசாகா’ என்கிற பெயரில் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது, சட்டம் வரும்வரை இந்த நெறிமுறைகளைத்தான் எல்லா முதலாளிகளும் பின்பற்ற வேண்டும் என்று. சட்டம் வருவதற்கு அப்புறம் 16 வருஷம் ஆனது. 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே பையர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இது உங்கள் கடமை. ஆர்டர் உள்ளூர் ஆர்டர்தான் என்றாலும் கடமைதான்.

எங்களிடம் எட்டுப் பேர்தான். எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நீங்களே உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் பெண்கள் புகார் கொடுக்கலாம். முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கேதான். அப்படி ஒரு குழு இருக்கிறது, அதை எங்கே போய்ப் பார்ப்பது என்று உங்கள் எட்டுப் பேருக்கும் தெரிய வைப்பது உங்கள் வேலை. எண்ணும்போது கான்ட்ராக்ட் ஆட்கள், தினக்கூலி, பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணுங்கள். கம்பெனி சம்பளப் பட்டியலில் ஒன்பது பேர், கான்ட்ராக்டில் நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டு ‘நாங்கள் சின்ன யூனிட்’ என்று சொல்ல முடியாது.

இரண்டு யூனிட், மூன்று யூனிட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு வேண்டும். ஹெட் ஆபீஸில் ஒரே ஒரு குழு வைத்து ஒப்பேற்றுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். கிளை யூனிட்டில் துணி மடித்துக் கொடுக்கும் வேலை பார்க்கிற அக்கா, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி ஹெட் ஆபீஸ் போய்ப் புகார் கொடுப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

ஃப்ளோரில், அதாவது தையல் நடக்கும் தளத்தில், கிண்டல் கேலி எல்லாம் சகஜம். எதைத் தொல்லை என்று எடுத்துக்கொள்வது?

சட்டம் ஐந்து சொல்கிறது: தொடுவதும் நெருங்குவதும், பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் நோக்கில் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, இவை தவிர அந்தப் பெண் விரும்பாத, பாலியல் தன்மையுள்ள எந்தச் செயலும், அது வாயால் சொன்னதாக இருந்தாலும் சைகையாக இருந்தாலும். ‘விரும்பாத’ என்கிற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘நான் தமாஷாகத்தான் சொன்னேன், அப்படி நினைத்துச் செய்யவில்லை’ என்று ஒவ்வொரு விசாரணையிலும் சொல்லக் கேட்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு வழக்கில் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லிவிட்டது, செய்தவர் என்ன நினைத்தார் என்பதைவிட அதை எதிர்கொண்ட பெண்ணுக்கு அது எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம் என்று.

என் அனுபவத்தில் ஃப்ளோரில் நடப்பது பெரும்பாலும் கிண்டல் மாதிரி ஆரம்பிப்பதுதான். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பின்னால் வந்து நின்று, தையலைப் பார்க்கிற மாதிரி தோளுக்கு மேல் குனிவார் சூப்பர்வைசர். இரண்டு கையும் துணியில் இருக்கிறது, கால் பெடலில் இருக்கிறது, முன்னால் மெஷின், பின்னால் அவர். அந்தப் பெண்ணால் எழுந்திருக்கவும் முடியாது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, பக்கத்து மெஷின்காரருக்கு அது வேலை மாதிரிதான் தெரியும். இதையே ஒரு கம்பெனியில் மூன்று பெண்கள் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், மூவருக்கும் மற்ற இருவரைப் பற்றித் தெரியாது. அங்கே தீர்வு ரொம்ப எளிமையாக இருந்தது. தையலில் குறை இருந்தால் பீஸை எடுத்துக்கொண்டு டேபிளின் முன்பக்கம் வந்து நின்று பேச வேண்டும், பின்னால் நிற்கக் கூடாது. எல்லா சூப்பர்வைசருக்கும் ஒரே விதி, யார் பெயரும் சொல்லவில்லை, ஒரே நாளில் அமலுக்கு வந்தது.

குழுவில் யாரைப் போடுவது?

தலைவர் உங்கள் நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பில் இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து பெண்கள் நலனில் வேலை செய்யும் அமைப்பைச் சேர்ந்தவரோ இந்த விஷயம் தெரிந்தவரோ ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது சட்டம்.

சட்டம் சொல்லாததைச் சொல்கிறேன். தொழிலாளர்கள் பக்கத்திலிருந்து வரும் உறுப்பினர் யார் என்பதில்தான் குழு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ், எம்.டி.யின் சொந்தக்காரப் பெண் என்று ஆபீஸ் ஏ.சி. அறையிலிருந்தே எல்லோரையும் எடுத்தால் ஃப்ளோரிலிருந்து ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். செக்கிங் டேபிளில் பத்து வருஷமாக இருக்கிற, மற்ற பெண்கள் வீட்டுக் கஷ்டத்தைக்கூடச் சொல்லுகிற ஒரு அக்கா எல்லாக் கம்பெனியிலும் இருப்பார். படிப்பு எட்டாவதாக இருக்கலாம், அதனால் ஒன்றுமில்லை. அவரைப் போடுங்கள். குழு வேலைக்குப் போகும் நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் போடுங்கள், பீஸ் ரேட் ஆள் (செய்கிற பீஸ் கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்) என்றால் அன்றைய சராசரியைக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார், வராததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வெளி உறுப்பினருக்கு நாள் ஒன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதிகமாகக் கொடுத்து உங்கள் ஆளாக ஆக்கிக்கொள்ளாதீர்கள், அவர் வெளியாளாக இருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

அப்புறம் நோட்டீஸ் போர்டு. குழுவை அமைத்த உத்தரவையும், தொல்லை கொடுத்தால் என்ன தண்டனை என்பதையும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரு கம்பெனிக்கு முதல் தடவை போனபோது போர்டில் இருந்த பட்டியலில் முதல் பெயர், அங்கே வேலையை விட்டு இரண்டு வருஷமான ஒரு மேனேஜர். அதில் இருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் யாராவது அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்களோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். மாதம் ஒருமுறை நீங்களே அந்த நம்பருக்கு போன் போட்டுப் பாருங்கள். பட்டியலின் ஒரு நகலைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கேண்டீன் சுவரில் எல்லோரும் பார்க்க நின்று நம்பர் எழுதிக்கொள்ள யாருக்கும் தைரியம் வராது.

போஸ்டர் ஒட்டினோம், வருஷம் ஒரு வகுப்பும் நடத்துகிறோம். வேறென்ன தடுப்பு இருக்கிறது?

இதுதான் எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தொல்லை கொடுப்பவரின் கையில் எப்போதும் ஒரு சாவி இருக்கும். லீவு தருவது அவர், ஓவர்டைம் யாருக்கு என்று சொல்வது அவர், எந்தப் பெண்ணுக்கு எளிய வேலை, எந்தப் பெண்ணுக்குக் கஷ்டமான வேலை என்று பிரிப்பது அவர், டார்கெட் முடியாவிட்டால் எழுதுவதா விடுவதா என்று முடிவு செய்வதும் அவர். இத்தனையும் ஒரே ஆள் கையில், எழுத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தால், அந்த ஆள் நல்லவராக இருக்க வேண்டும் என்று கடவுளை நம்பி நீங்கள் கம்பெனி நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். சட்டமும் இதைத்தான் குறிப்பிடுகிறது, இணங்கினால் சலுகை, இணங்காவிட்டால் வேலைக்கு ஆபத்து என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உணர்த்தினாலே அது துன்புறுத்தல்.

அதனால் அந்தச் சாவிகளைப் பிரியுங்கள். லீவு கேட்டு எழுதினால் அதே நாளில் பதில் எழுத்தில் வரட்டும், மறுத்தால் காரணம் எழுதட்டும், ஹெச்.ஆர். வாரம் ஒருமுறை மறுத்ததை மட்டும் பார்க்கட்டும். ஓவர்டைமுக்கு முறை வைத்து போர்டில் எழுதிப் போடுங்கள். கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்குகிற வழக்கம் இருந்தால் அதை நாளைக்கே நிறுத்துங்கள். ‘மாதப் பிரச்சினையா, இத்தனை தடவை போறியே’ என்று ஒரு ஆண் கேட்பதற்கு அந்த டோக்கன்தான் வாய்ப்புக் கொடுக்கிறது.

கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள், ஷிப்ட் முடிகிற நேரத்தில், ஒரு பெண் ஊழியரோடு. நூல் ஸ்டோர், ஆக்சஸரிஸ் ஸ்டோர், ஜெனரேட்டர் பக்கம், மாடிப்படி, லிஃப்ட். ஸ்டோருக்குப் போய்ப் பட்டன் வாங்கி வா என்று தனியாக அனுப்புகிற வேலை எந்த லைனில் (தையல் மெஷின் வரிசையில்) இருக்கிறது, உள்ளே இருப்பவர் யார், கதவு எந்தப் பக்கம் பூட்டுகிறது என்று பாருங்கள். ஸ்டோரில் பாதிக் கதவு வைத்து வெளியே நின்றே பொருள் வாங்குகிற மாதிரி மாற்றிய ஒரு யூனிட் எனக்குத் தெரியும். தச்சருக்கு அரை நாள் வேலை. ‘இப்பதான் நிம்மதியா ஸ்டோருக்குப் போறோம்’ என்று அங்கே ஒரு பெண் என்னிடம் சொன்னார். இதற்கு முன்னால் அவர் ஒரு நாளும் ஸ்டோரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

வேன் இன்னொன்று. கம்பெனி ஏற்பாடு செய்யும் வண்டியும் சட்டப்படி வேலை இடம்தான். கடைசியாக இறங்குவது யார் என்று பாருங்கள். கடைசி ஸ்டாப்பில் ஒரு பெண் மட்டும் டிரைவரோடு தனியாக வருகிற மாதிரி ரூட் இருந்தால் ரூட்டை மாற்றுங்கள், ஐந்து கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

பெண் சூப்பர்வைசர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். லைனில் நூற்றுக்கு எழுபது எண்பது பெண்கள், மேலே நிற்கிறவர் எல்லாம் ஆண்கள் என்றால் அது தானாக அமைந்ததில்லை, யாரை மேலே தூக்குவது என்று நீங்கள் முடிவு செய்ததால் அமைந்தது. பத்து வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவருக்கு லைன் நடத்தத் தெரியும்.

வகுப்பைப் பற்றி ஒன்று. எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டாதீர்கள். சூப்பர்வைசர்களுக்குத் தனியாக நடத்துங்கள், முதலாளி அந்த வகுப்பில் முதல் பத்து நிமிஷமாவது நின்று பேச வேண்டும். ‘இந்தக் கம்பெனியில் இதைச் செய்தால் நான் காப்பாற்ற மாட்டேன்’ என்று முதலாளி வாயிலிருந்து நேராக வருகிற ஒரு வாக்கியம் என்னுடைய இரண்டு மணி நேரப் பேச்சைவிட வேலை செய்கிறது.

ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வடமாநிலப் பெண்களுக்கு?

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் பெண்களுக்குத் தமிழில் ஒட்டிய போஸ்டர் வெறும் காகிதம். ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள், எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஆடியோ பதிவு செய்து அனுப்புங்கள். மொழிபெயர்க்க சூப்பர்வைசரையோ, அவர்களை ஊரிலிருந்து அழைத்து வந்த ஏஜென்டையோ ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள், தொல்லையே அங்கிருந்துதான் வரலாம். ஹாஸ்டல் வார்டன் போனை வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் அது நிற்க வேண்டும். போன் கையில் இல்லாத பெண் எப்படி உதவி கேட்பார்? 181 என்கிற பெண்கள் உதவி எண்ணை அவர்கள் போனில் முதல் நாளே பதிய வைப்பது ஒரு நிமிஷ வேலை.

திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறார்களே, அது என்ன? நமக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். அவர் தொல்லை கொடுத்து வந்தார் என்று உடன் வேலை பார்த்தவர்களும் குடும்பத்தாரும் சொன்னார்கள். பெண்களே தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் அந்த உற்பத்தி நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. துணி வாங்குகிற பெரிய நிறுவனமான ஹெச் அண்ட் எம் தனியாகக் கையெழுத்துப் போட்டது, பின்னால் கேப், பி.வி.ஹெச். ஆகிய ஆடை நிறுவனங்களும் சேர்ந்தன. ஒப்பந்தத்தைக் காதில் வாங்கிக்கொள்ளாத ஆலைக்கு ஆர்டர் விஷயத்தில் விளைவு இருக்கும் என்பதால் அதற்குப் பல் இருந்தது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்றுதான். 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று ஃப்ளோரிலேயே கண்காணிப்பாளர்கள். சங்கம் தேர்ந்தெடுத்த, அதே லைனில் வேலை பார்க்கிற பெண்கள். தகாத பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கே போய்ச் சொன்னார்கள், பெரும்பாலானது பேச்சு மட்டத்திலேயே நின்றது. நீங்கள் அந்த ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை, அந்தப் பெண்களை நீங்கள் நியமிக்காமல் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

புகார் வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், கேளுங்கள். ‘நீ ஏன் அப்பவே சொல்லலை’ என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த ஒரு கேள்வியாலேயே எழுந்து போன பெண்களை எனக்குத் தெரியும்.

புகார் எழுத்தில் வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக்கொடுக்கக் குழு உதவ வேண்டும், இது சட்டத்திலேயே இருக்கிறது. அவர் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதுங்கள். ‘தகாத முறையில் நடந்துகொண்டார்’ என்று அழகாக மாற்றி எழுதினால் விசாரணையில் அந்த வாக்கியத்துக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

ஏழு வேலை நாளுக்குள் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், பத்து வேலை நாளில் அவர் பதில் தர வேண்டும். இரண்டு பக்கமும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. விசாரணைக்குக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் உட்கார வேண்டும், தலைவர் கட்டாயம் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். முடிந்த பத்து நாளில் அறிக்கை, அது கைக்கு வந்த 60 நாளில் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இடையில் அந்தப் பெண் எழுதிக் கேட்டால் குழுவின் பரிந்துரைப்படி யாரையாவது இடம் மாற்றலாம், அவருக்கு இருக்கிற லீவு போக மூன்று மாதம் வரை லீவும் கொடுக்கலாம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ‘பாதுகாப்புக்காக’ என்று சொல்லிப் பெண்ணை வேறு யூனிட்டுக்கு மாற்றுவார்கள். அங்கே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது, பஸ் மாறும், பீஸ் ரேட் குறையும், மற்ற பெண்கள் அதைப் பார்த்துப் பாடம் படித்துக்கொள்வார்கள். அவர் கேட்காமல் அவரை நகர்த்தாதீர்கள், நகர்த்த வேண்டுமென்றால் அந்த ஆளை நகர்த்துங்கள்.

பெயர், விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது. கசியவிட்டவருக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ‘இன்றைக்கு கமிட்டி மீட்டிங்’ என்று போட்டாலே பாதி ஃப்ளோருக்கு யார் என்று தெரிந்துவிடும்.

பெரிய மனுஷங்க நாலு பேரை வைத்து சமாதானமாகப் பேசி முடித்துவிடலாமா?

சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்தான் கேட்க வேண்டும், குழுதான் நடத்த வேண்டும், பணம் கொடுத்து முடிப்பது கூடவே கூடாது. ஊர்ப் பெரியவர், சாதிக்காரர், கான்ட்ராக்டர் எல்லாம் அறைக்குள் வந்துவிட்டால் அது சமரசம் இல்லை. ‘பொண்ணு வாழ்க்கை வீணாப் போயிடும்’ என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வதும் மிரட்டல்தான். அந்தப் பெண் போலீசுக்குப் போக விரும்பினால் அதற்கு உதவுவதும் முதலாளியின் கடமை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவில் இது தனிக் குற்றம்.

புகார் எங்கள் கட்டிங் மாஸ்டர் (துணி வெட்டும் பிரிவின் தலைமை ஆள்) மேல். அவர் இல்லாவிட்டால் சரக்கே போகாது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி எத்தனையோ தடவை வந்துவிட்டது, நேர்மையாகக் கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஷிப்மெண்ட் தேதி நெருங்குகிறது, பத்து நாளில் மாஸ்டர் கிடைக்க மாட்டார். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒருவருக்காக லைனை விட்டுப் போன டெய்லர்கள் எத்தனை பேர், காரணம் சொல்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று கடந்த ஒரு வருஷத்து ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். ஒரு கம்பெனியில் அப்படிப் பார்த்தோம். ஒரே சூப்பர்வைசர் கீழ் ஏழு மாதத்தில் பதினோரு பெண்கள் வேலையை விட்டு நின்றிருந்தார்கள், எல்லாருக்கும் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தது. முதலாளி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வேலை தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்று இருக்கக் கூடாது. இரண்டாவது மாஸ்டரைத் தயார் செய்வதும் தொல்லைத் தடுப்புதான்.

பொய்ப் புகார் கொடுத்தால்?

கெட்ட எண்ணத்தோடு பொய்யாகக் கொடுத்தது என்று விசாரித்து நிரூபணமானால் நடவடிக்கை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஆதாரம் போதவில்லை என்பதும் பொய் என்பதும் ஒன்றில்லை, சட்டமே அதைப் பிரித்துச் சொல்கிறது. போஸ்டரில் பெரிய எழுத்தில் ‘பொய்ப் புகாருக்குத் தண்டனை’ என்று போடுகிற கம்பெனிகள் இருக்கின்றன. அதைப் படிக்கிற பெண்ணுக்கு அது ‘வாயை மூடு’ என்றுதான் கேட்கும்.

தொல்லை கொடுத்தவர் எங்கள் ஆள் இல்லை, லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர். எங்களுக்கு என்ன பொறுப்பு?

பொறுப்பு இருக்கிறது. உங்கள் இடத்துக்கு வந்துபோகிற வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பான சூழலைக் கொடுக்க வேண்டியது முதலாளிதான். டிரான்ஸ்போர்ட் ஓனருக்கு போன் போட்டு ‘அந்த ஆள் இனி என் கேட்டுக்குள் வரக் கூடாது’ என்று சொல்வது உங்களால் முடிகிற காரியம். பையர் தரப்பில் தரம் பார்க்க வருகிற க்யூ.சி. ஆள் என்றாலும் இதேதான், அது சொல்லக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள்.

ஆண்களுக்குத் தொல்லை நடந்தால்?

இந்தச் சட்டம் பெண்களுக்கானது. கம்பெனி விதிகளில் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எழுதுங்கள். ஹெல்பர் பையன்களிடம் நடப்பதும், திருநங்கை ஊழியர்களிடம் நடப்பதும் எனக்குத் தெரிந்தே இருக்கிறது.

குழு அமைக்காவிட்டால் என்ன ஆகும்?

50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் இரண்டு மடங்கு, உரிமமே போகலாம். வருஷ அறிக்கை கொடுக்க வேண்டும். 2025 ஜூலை முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் இயக்குநர் குழு அறிக்கை தருகிற கம்பெனிகள் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி எத்தனை நிற்கிறது என்று அதில் எண்ணோடு எழுத வேண்டும்.

ஐந்து வருஷமாக ஒரு புகார்கூட இல்லை. நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

இருக்கலாம். ஆனால் அறுநூறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஐந்து வருஷம் சைபர் என்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். புகார் எண்ணைக் குறைக்க வேண்டும் என்று ஹெச்.ஆருக்கு இலக்கு வைக்காதீர்கள், வைத்தால் புகார் குறையும், தொல்லை குறையாது. ‘அவர் பேச்சு சரியில்லை’ என்கிற மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள் குழுவுக்கு வர ஆரம்பித்தால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள்.

விசாரணை முடிந்தது, தண்டனையும் கொடுத்துவிட்டோம். அவ்வளவுதானே?

அந்தப் பெண் நாளைக்குக் காலையில் அதே ஃப்ளோருக்கு வருகிறார். தண்டனை வாங்கியவருடைய நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஃபேன் இல்லாத டேபிள் கிடைக்கும், தைக்க வேண்டிய துணிக் கட்டு மெதுவாக வரும், மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்காது. இதற்கெல்லாம் யார் மேல் புகார் கொடுப்பது?

நான் குழுக்களில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தீர்ப்பு வந்த பிறகு முதல் மாதமும் மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் அந்தப் பெண்ணின் சம்பளச் சீட்டை, அவர் சம்மதத்தோடு, வாங்கிப் பார்ப்பேன். முன்னால் எத்தனை பீஸ், இப்போது எத்தனை. ஓவர்டைம் எத்தனை மணி நேரம், மறுக்கப்பட்ட லீவு எத்தனை. ஒருமுறை மூன்றாவது மாதச் சீட்டில் ஓவர்டைம் சுத்தமாக இல்லை. விசாரித்தால் லைன் சூப்பர்வைசர், ‘அவங்களுக்கு எதுக்கு சிரமம்னு கூப்பிடலை’ என்றார். அந்தப் பெண்ணோ பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஓவர்டைமைத்தான் நம்பியிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் பெயர் முறைப்பட்டியலில் திரும்ப ஏறியது, விட்டுப்போன மணி நேரத்துக்கான காசையும் கம்பெனி கொடுத்தது. ஆறாவது மாதம் போனபோது அவர் செக்கிங் டேபிளில் இரண்டு பேரோடு சேர்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். சீட்டை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.